முல்லைப் பெரியாறும் ஜல்லிக்கட்டும்: தீர்ப்புக்குப் பிறகு சட்டமன்றம் எதுவரை போகலாம்?

கேள்வி: கம்பம் இருபோகம்

அனைவருக்கும் வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். சட்டம் படித்தவன் அல்லன். ஆனாலும் எங்கள் பகுதியில் எல்லோரையும் போல நானும் முல்லைப் பெரியாறு வழக்கின் ஒவ்வொரு கட்டத்தையும் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டே வந்திருக்கிறேன். இங்கே உள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீர் எப்போது திறக்கப்படும் என்பது அந்த அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. ஆகவே எங்களுக்கு அது வெறும் நீதிமன்றச் செய்தியாக ஒருநாளும் இருந்ததில்லை.

என் ஐயம் இதுதான். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு தொடர்பான இரண்டு தீர்ப்புகளை ஒரே நாளில் வழங்கியது. ஒன்றில், அணையின் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரி 27 அன்று தான் அளித்த தீர்ப்பை முடக்குவதற்காகக் கேரளச் சட்டமன்றம் கொண்டுவந்த சட்டத்தை, முல்லைப் பெரியாறு அணையைப் பொறுத்தவரை செல்லாது என்று அறிவித்தது. மற்றொன்றில், ஜல்லிக்கட்டைத் தடை செய்து, அதை முறைப்படுத்துவதற்காகத் தமிழ்நாடு 2009இல் இயற்றிய சட்டம் செல்லாது என்றது. முதல் தீர்ப்புக்கு எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தார்கள். இரண்டாவது செய்தி வந்தபோது பட்டாசு வெடித்த அதே மனிதர்கள் பேச்சற்று நின்றார்கள்.

2017 ஜனவரியில் போராட்டம் நடந்தபோது நான் அலங்காநல்லூரில் இருந்தேன். அந்த மாதமே நம் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. அன்றும் மகிழ்ந்தேன்.

குமுளியில் எனக்கு நெடுங்காலமாக ஒரு நண்பர் இருக்கிறார். ஏலக்காய் வியாபாரம் செய்பவர், மலையாளி. அவர் சென்ற மாதம் என்னிடம் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். “உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது, எங்கள் சட்டமன்றம் அதற்கு மாறாக ஒரு சட்டம் போட்டது, அதை அதிகாரப் பிரிவினைக்கு எதிரானது என்று அடித்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது, உங்கள் சட்டமன்றமும் அதற்கு மாறாக ஒரு சட்டம் போட்டது, அதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற பதில் எனக்கு வேண்டாம். என் வயலுக்குத் தண்ணீர் வரும்போது மட்டும் நான் பிடித்துக்கொள்ளும் கொள்கை கொள்கையாகாது. இரண்டு மகிழ்ச்சிக்கும் பொதுவான நியாயம் உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: மதுரைக் கிளை வழக்கறிஞர்

ஐயா அவர்களுக்கு வணக்கம். உங்கள் நண்பரின் கேள்வி மிகவும் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நீதிமன்றம் ஒரு பொருளில் தீர்ப்பளித்துவிட்டால் அந்தப் பொருளில் சட்டமன்றம் அதன் பிறகு சட்டமே இயற்றக் கூடாது என்று இந்தியாவில் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நீதிபதிகள் தாம் இறுதிச் சட்டமியற்றுபவர்கள் என்றாகிவிடும். அதுவும் அதிகாரப் பிரிவினைக்கு எதிரானதே.

ஒரு தீர்ப்பில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. அந்த நாளில் நடைமுறையில் இருக்கும் சட்டம் ஒன்று. அந்த வழக்கில் மெய்ப்பிக்கப்பட்ட நிகழ்வுகளும் நிலவரங்களும் மற்றொன்று. இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து, இன்னாருக்கு இன்ன உரிமை உண்டு, இன்னார் இதைச் செய்ய வேண்டும் என்று முடிவு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. சட்டத்தை மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை. சட்டமன்றம் சட்டத்தை மாற்றலாம். ஆனால் பொருத்திப் பார்த்து முடிவு சொல்லும் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லைக்கோடு இங்கேதான் ஓடுகிறது.

நம் அரசியல் சாசனத்தில் அதிகாரப் பிரிவினை என்று தலைப்பிட்ட பிரிவு எதுவும் இல்லை. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் கே.டி. ஷா அவர்கள் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை ஆகிய மூன்று துறைகளையும் முழுமையாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. அமைச்சர்கள் சட்டமன்றத்திலேயே உட்கார்ந்திருக்கும் நம் ஆட்சிமுறையில் அப்படிப்பட்ட பிரிவினைக்கு இடமில்லை. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று 50ஆம் பிரிவு சொல்வதுகூட அரசுக்கான வழிகாட்டு நெறியாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்கும் எல்லைக்கோடு வழக்குகள் வழியாகவே வரையப்பட்டது.

அவற்றில் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான வழக்கு, பலரும் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கும் இந்திரா காந்தி தேர்தல் வழக்கு. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம், ரே பரேலி தொகுதியில் அவருடைய வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, நெருக்கடி நிலைக் காலத்தில், நாடாளுமன்றம் இரண்டு வேலைகளைச் செய்தது. முதலாவதாக, எந்தச் செயல்களைத் தேர்தல் முறைகேடு என்று உயர் நீதிமன்றம் சொன்னதோ அவை முறைகேடு ஆகாதவாறு தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தியது. ஒருவர் எந்த நாளிலிருந்து வேட்பாளர், அரசுப் பணியாளரின் பதவி விலகல் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பன போன்ற விதிகள் மாற்றப்பட்டன. இரண்டாவதாக, 39ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் வழியாக, பிரதமரின் அந்தத் தேர்தல் செல்லும், உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எந்தப் பயனும் இல்லை என்று நேரடியாகவே அறிவித்தது.

1975 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது வேலையை அது செல்லாது என்றது. ஒரு குறிப்பிட்ட வழக்கில் யார் வென்றார் என்று சொல்வது நாடாளுமன்றத்தின் வேலையாக இருக்க முடியாது. அரசியல் சாசனத்தையே திருத்தும் அதிகாரம் இருந்தாலும் அதைச் செய்ய முடியாது. ஆனால் முதல் வேலையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. திருத்தப்பட்ட சட்டத்தை வைத்து வழக்கை மீண்டும் பார்த்து, இந்திரா காந்தியின் மேல்முறையீட்டை அனுமதித்து, அவருடைய தேர்தல் செல்லும் என்று அதுவே தீர்ப்பளித்தது. முடிவு ஒன்றுதான், ஆனால் அந்த முடிவைச் சொன்னது யார் என்பதில் நீதிமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஒருவருக்காக முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியதை ஏற்றிருக்கக் கூடாது என்பது என் தனிப்பட்ட கருத்து. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இருந்தாலும் கோடு எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் வழக்கு வேறு இல்லை.

கோட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை அதற்கும் முன்பே, 1969இல், குஜராத்தின் பரூச் நகராட்சி வரி வழக்கில் வகுக்கப்பட்டுவிட்டது. நகராட்சி கட்டடங்களின் மூலதன மதிப்பை வைத்து வரி போட்டது. சட்டத்தில் உள்ள சொல்லுக்கு ஆண்டு வாடகை மதிப்பின் மீதான வரி என்றே பொருள் என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. குஜராத் சட்டமன்றம், மூலதன மதிப்பின் மீதும் அந்த வரியைப் போடலாம் என்று சட்டத்தை மாற்றி எழுதி, பழைய வசூலையும் செல்லுபடியாக்கியது. தலைமை நீதிபதி இதாயத்துல்லா அந்தச் சட்டம் செல்லும் என்றார். அவர் தந்த சோதனை எளிமையானது: சட்டமன்றம் மாற்றியமைத்த நிலைமை அன்றே இருந்திருந்தால் நீதிமன்றம் அதே தீர்ப்பை அளித்திருக்க முடியுமா? முடியாது என்றால், தீர்ப்பின் அடிப்படையே மாறிவிட்டது, புதிய சட்டம் நிற்கும். அடிப்படையைத் தொடாமல் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்று மட்டும் சொன்னால் அந்தச் சட்டம் நிற்காது.

இப்போது உங்கள் இரண்டு வழக்குகளுக்கு வருகிறேன். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிபுணர் அறிக்கைகளைப் பார்த்து, இரண்டு மாநிலங்களின் வாதங்களையும் கேட்டு, வலுப்படுத்தப்பட்ட அணை 142 அடிக்குப் பாதுகாப்பானது என்று ஒரு முடிவுக்கு வந்தது. அது சட்டத்தின் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்ன முடிவு அன்று. ஒரு குறிப்பிட்ட அணையின் நிலை பற்றிய முடிவு. அதற்கு 19 நாள்களுக்குப் பிறகு, மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வந்த கேரளத் திருத்தச் சட்டம் என்ன செய்தது? அட்டவணை ஒன்றை இணைத்து, ஆபத்துக்குள்ளான அணைகள் என்ற வரிசையில் முல்லைப் பெரியாற்றின் பெயரை எழுதி, அதற்கு நேரே 136 அடி என்று எழுதியது. புதிய ஆய்வு இல்லை, புதிய சான்று இல்லை. நீதிமன்றம் பாதுகாப்பானது என்று கண்ட அதே பொருளை, வழக்கில் தோற்ற தரப்பே தன் சட்டமன்றத்தின் வழியாகப் பாதுகாப்பற்றது என்று அறிவித்துக்கொண்டது. அதனால்தான் தலைமை நீதிபதி லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகளும் அதைச் சட்டமியற்றலாகப் பார்க்காமல், தீர்ப்பின் மேல் எழுதப்பட்ட மறுதீர்ப்பாகப் பார்த்தார்கள்.

ஜல்லிக்கட்டில் நடந்தது வேறு. 2014 தீர்ப்பின் சட்ட அடிப்படை, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அது நாடாளுமன்றச் சட்டம். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதனோடு முரண்பட்டதால் வீழ்ந்தது. மிருகவதைத் தடுப்பு, நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் நாடாளுமன்றச் சட்டத்தையும் மிஞ்சி நிற்கும் என்று 254ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 2017இல் தமிழ்நாடு அந்த வழியில் சென்றது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தையே தன் மாநிலத்துக்குத் திருத்தி, ஜல்லிக்கட்டுக்கு வரையறை தந்து, விலக்கு அளித்து, விதிகளையும் வகுத்து, ஜனவரி 31 அன்று ஒப்புதலும் பெற்றது. 2014 தீர்ப்பு எந்தச் சட்டத்தின் மேல் நின்றதோ அந்தச் சட்டம் மாறிவிட்டது. “2014 தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது” என்று ஒரு வரிச் சட்டம் இயற்றியிருந்தால், அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் எத்தனை லட்சம் பேர் நின்றிருந்தாலும் அது நின்றிருக்காது.

பதில்: அரசுப் பள்ளி ஆசிரியை

வழக்கறிஞர் ஐயாவின் விளக்கத்தோடு, நம் சட்டமன்றமே இந்தக் கோட்டைத் தாண்டித் தோற்ற ஒரு நிகழ்வையும் சேர்க்க விரும்புகிறேன். இருபோகம் ஐயாவின் நண்பருக்கு அதைச் சொன்னால் இந்தக் கொள்கை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும். சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. அதன் பெரும்பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2011இல் ஆட்சி மாறியதும், பாடநூல்கள் அச்சாகியிருந்த நிலையில், அதைத் தள்ளிவைக்கும் திருத்தச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஏற்கெனவே நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்ட ஒரு பொருளைத் திருத்தம் என்ற பெயரில் இல்லாமல் ஆக்க முடியாது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பள்ளி திறந்து இரண்டு மாதம் பாடநூல் இல்லாமல் பிள்ளைகளை உட்கார வைத்திருந்த அந்த நாள்களை எந்த ஆசிரியரும் மறந்திருக்க மாட்டார்.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் காவிரியில் கர்நாடகம் செய்ததும் இதே வகைதான். 1991 ஜூன் 25 அன்று நடுவர் மன்றம், ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூரை வந்தடையுமாறு விட வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. சரியாக ஒரு மாதத்தில் கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை முடக்கப் பார்த்தது. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலம் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது.

பதில்: வண்டிப்பெரியாறு

நான் தமிழன். மூன்று தலைமுறையாக அணைக்குக் கீழே, பெரியாற்றங்கரையில் இருக்கும் தேயிலைத் தோட்டப் பகுதியில் வாழும் குடும்பம் எங்களுடையது. இந்த விவாதத்தில் இரண்டு மாநிலங்கள் என்று பேசும்போது எங்களைப் போன்றவர்கள் எந்தப் பக்கத்திலும் கணக்கில் வருவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

வழக்கறிஞர் ஐயா சொன்ன சட்டக் கோட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் வரியின் பொருள் என்ன என்பதும் ஓர் அணை பாதுகாப்பானதா என்பதும் ஒரே வகையான கேள்விகள் அல்ல. 1895இல் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையால் கட்டி முடிக்கப்பட்ட அணையின் பாதுகாப்பு, ஒரு நாளில் முடிவு செய்து மூடி வைக்கக்கூடிய செய்தியன்று. அது ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு மழைக்கும் மாறக்கூடிய நிலவரம். 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த செய்தி வந்தபோது எங்கள் பெரியவர்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். தன் மக்களின் உயிர் பற்றிய அச்சத்தை ஒரு சட்டமன்றம் சட்டமாக எழுதக்கூடாது என்றால், அந்த மக்கள் அந்த அச்சத்தை யாரிடம் கொண்டுபோவது?

இன்னொன்றையும் கேட்கிறேன். சட்டமன்றம் நீதிமன்றத்தின் வேலையைச் செய்யக் கூடாது என்கிறீர்கள். அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ள மூவர் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தது. அணையை ஆய்வு செய்வதும் மதகுகளைப் பற்றி அறிவுரை சொல்வதும் நிர்வாகத்தின் வேலை அல்லவா? கோடு ஒரு பக்கத்துக்கு மட்டும் வரையப்பட்டிருப்பதாக எங்களுக்குத் தோன்றினால் அது தவறா?

பதில்: சட்டக் கல்லூரி மாணவி

ஜல்லிக்கட்டுத் தீர்ப்பு பற்றிய விளக்கத்தில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. வழக்கறிஞர் ஐயா, 2014 தீர்ப்பு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல் நின்றது என்கிறார். ஆனால் அது அந்தச் சட்டத்தின் மேல் மட்டும் நிற்கவில்லை. நீதிபதிகள் இராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஷும், காளையின் உடலமைப்பு இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு ஏற்றதன்று, அச்சத்தாலும் வலியாலும்தான் அது ஓடுகிறது என்று சான்றுகளைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அணை பாதுகாப்பானது என்பது நிலவரம் பற்றிய முடிவு என்றால், இதுவும் நிலவரம் பற்றிய முடிவுதான். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் காளையின் உடலமைப்பு மாறிவிடவில்லை.

2023 அமர்வு இதற்குச் சொன்ன பதில், 2014இல் பார்க்கப்பட்ட சான்றுகள் அன்று நடந்த முறையைப் பற்றியவை, புதிய விதிகள் அந்த முறையையே மாற்றி வலியைப் பெருமளவு குறைத்துவிட்டன என்பது. விதிகள் ஏட்டில் எப்படி இருக்கின்றன என்பதற்கும் வாடிவாசலில் எப்படி நடக்கின்றன என்பதற்கும் உள்ள தொலைவை அமர்வு போதிய அளவு ஆராயவில்லை என்பது என் கருத்து. ஜல்லிக்கட்டு தமிழர் பண்பாட்டின் பகுதியா என்ற கேள்வியில் மட்டும் அமர்வோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். 2014 தீர்ப்பு, அது பண்பாட்டுக்கே முரணானது என்று சொல்லியிருந்தது. 2023 அமர்வு, அப்படியொரு முடிவைச் சொல்லத் தேவையான ஆழமான ஆய்வு நீதிமன்றத்தில் நடக்க முடியாது, சட்டமன்றம் அதைப் பண்பாடு என்று கருதியிருக்கும்போது அதில் தலையிட மாட்டோம் என்று பின்வாங்கியது. நீதிமன்றம் தன் எல்லையைத் தானே உணர்ந்து நின்ற இடம் அது.

கம்பம் இருபோகம்

எல்லோருக்கும் நன்றி. இந்திரா காந்தி வழக்கின் இரண்டாம் பாதி எனக்கு இதுவரை தெரியாது. வண்டிப்பெரியாற்றில் இருந்து எழுதியவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் குமுளியை நோக்கி நடந்த ஊர்வலத்தில் நானும் நடந்தேன். அப்போது அணைக்குக் கீழே இருக்கும் உங்களைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவில்லை என்பது உண்மை. வழக்கறிஞர் ஐயா, அவர் கேட்டதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கேரளம் சரியான வழியில் செய்திருந்தால் என்ன செய்திருக்கலாம்?

பதில்: மதுரைக் கிளை வழக்கறிஞர்

முதலில் மாணவி அவர்களுக்கு. நீங்கள் சுட்டிய இடத்தில் 2023 தீர்ப்பு வலுக் குறைந்துதான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிலவரம் பற்றிய முடிவு, சட்டம் பற்றிய முடிவு என்று நான் பிரித்துச் சொன்னது பெரும்பாலான வழக்குகளில் உதவும். இரண்டும் பின்னிக்கிடக்கும் வழக்கில் அந்தப் பிரிப்பு மட்டும் போதாது. ஆனாலும் ஒரு வேறுபாடு மிச்சமிருக்கிறது. ஒரு விலங்குக்கு எவ்வளவு வலி வரை சட்டம் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எப்போதுமே சட்டமியற்றுபவர்களிடம் விடப்பட்ட கேள்வி. உணவுக்காக விலங்கைக் கொல்வதற்கு 1960ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது; அங்கே வலி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 142 அடிக்கு அணை தாங்குமா என்பது அப்படி ஒரு பொறுத்துக்கொள்ளும் அளவைப் பற்றிய கேள்வியன்று. விதிகள் களத்தில் மீறப்பட்டால் அதை வைத்துப் புதிய வழக்குத் தொடுக்க 2023 தீர்ப்பு தடையாக இல்லை.

தோற்ற தரப்பு மீண்டும் மீண்டும் முயல்வது மாநிலங்களோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீர்ப்பாயங்களின் உறுப்பினர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஆணையிட்டது. ஒன்றிய அரசு 2021 ஏப்ரலில் அவசரச் சட்டத்தில் நான்காண்டு என்று எழுதியது. ஜூலையில் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆகஸ்டில் அதே நான்காண்டையும், 50 வயது நிரம்பியவர்களுக்கே பதவி என்ற விதியையும் சட்டமாகவே நிறைவேற்றினார்கள். சென்னையில் இயங்கும் மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் 2025 நவம்பர் 19 அன்று அவையும் வீழ்ந்தன. அடிப்படையை மாற்றாமல் வீழ்ந்த சொற்களையே திரும்ப எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

வண்டிப்பெரியாறு நண்பரே, உங்கள் இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. கண்காணிப்புக் குழு நிர்வாகத்தின் வேலை என்று நீங்கள் சொல்வது சரி. இரண்டு மாநிலங்களும் ஒன்றையொன்று நம்பாத நிலையில், இருவருக்கும் பொதுவான நிர்வாக அமைப்பு எதுவும் சட்டத்தில் இல்லாததால் நீதிமன்றம் அந்த வெற்றிடத்தில் காலை வைத்தது. அது நிரந்தர ஏற்பாடாக இருக்கக் கூடாது. பாதுகாப்பு காலத்தோடு மாறும் நிலவரம் என்பதும் சரி. ஆனால் அதற்குரிய வழி புதிய சான்றோடு நீதிமன்றத்துக்குத் திரும்பிச் செல்வது. உண்மையில் அந்த ஆய்வு ஒருமுறை நடந்தது. தமிழ்நாடு தொடுத்த வழக்கு நிலுவையில் இருந்தபோது, 2010இல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஓர் உயர்நிலைக் குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. கேரளத்தின் பிரதிநிதியும் அதில் இருந்தார். வெள்ளம், கட்டமைப்பு, நிலநடுக்கம் ஆகிய மூன்று கோணங்களிலும் அணை பாதுகாப்பானது என்று 2012இல் அந்தக் குழு அறிக்கை தந்தது. 2014 தீர்ப்பு அந்த அறிக்கையையும் பார்த்தபின் வந்தது.

இருபோகம் ஐயா கேட்டதற்கு, அதாவது சரியான வழி எதுவாக இருந்திருக்கும் என்பதற்கு, 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு விடை தந்தது. அந்த மாதம் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் எந்த ஓர் அணையின் நீர்மட்டத்தையும் அடியில் எழுதவில்லை. நாட்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட அணைகள் அனைத்துக்கும் ஆய்வு, பராமரிப்பு, பொறுப்பு ஆகியவற்றுக்கான விதிகளை வகுத்து, தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தை ஏற்படுத்தியது. ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை இன்னொரு மாநிலத்தின் நிலப்பரப்பில் இருந்தால் அந்த ஆணையமே மாநில அமைப்பின் வேலையையும் பார்க்கும் என்ற விதி அதில் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அப்படிப்பட்ட அணைதான். 2022 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த ஆணையம் முழுமையாக இயங்கத் தொடங்கும்வரை அதன் அதிகாரங்களைக் கண்காணிப்புக் குழு பயன்படுத்தலாம் என்றும், இரண்டு மாநிலங்களிலிருந்தும் ஒவ்வொரு தொழில்நுட்ப வல்லுநரைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2014 தீர்ப்பு அப்படியே இருக்கிறது. 142 அடியும் இருக்கிறது. அதே நேரத்தில், உங்கள் ஊரில் ஒருவர் அணையைப் பற்றி அச்சப்பட்டால் அதை எழுதி அனுப்பச் சட்டத்தால் அமைந்த ஒரு முகவரி இப்போது இருக்கிறது. குழு அணையை நேரில் பார்வையிட வரும் நாளில் அணைக்குக் கீழே வாழ்பவர்களிடமும் பேச வேண்டும் என்று நீங்களும் இருபோகம் ஐயாவும் சேர்ந்தே ஒரு மனு எழுதினால், அதை வரைந்து தர நான் அணியமாக இருக்கிறேன்.